11 அலர்ஜன்கள் காட்டிய ரிப்போர்ட்: பிள்ளைக்கு எதை நிறுத்துவது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆறு மாதமாகக் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு. ராத்திரியில் வறட்டு இருமல். எப்போதாவது தோலில் தடிப்பும் வரும். லேபில் 'அலர்ஜி பேனல்' என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தோம். பால், முட்டை வெள்ளை, கோதுமை, நிலக்கடலை, கத்தரிக்காய், தக்காளி, வாழைப்பழம், இறால், நண்டு, கரப்பான்பூச்சி, வீட்டுத் தூசிப் பூச்சி என 11 'அலர்ஜன்'களுக்குப் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பயந்துபோய் சாப்பாட்டுச் சாமான்கள் ஒன்பதையும் நிறுத்தி 4 மாதம் ஆகிறது. இதற்கு முன் இவை எல்லாவற்றையும் நன்றாகச் சாப்பிட்டவன்தான். இப்போது 2 கிலோ இளைத்துவிட்டான். தும்மலும் இருமலும் அப்படியே இருக்கின்றன. மாமியார் கருவாடு, கம்பு, பாகற்காயையும் 'கரப்பான் பண்டம்' என்று சேர்க்கக் கூடாது என்கிறார். போன வருஷம் சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அவனுக்கும் என் கணவருக்கும் முகமெல்லாம் சிவந்து தடித்தது. ஆனால் ரிப்போர்ட்டில் மீன் நெகட்டிவ். ஊதுபத்திப் புகைக்கும் இருமுகிறான், அது பட்டியலிலேயே இல்லை. அலர்ஜன் என்றால் உண்மையில் என்னதான் அர்த்தம்? உறவினர் ஒருவர் 200 உணவுகளுக்குப் பார்க்கும் இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார், எடுக்கலாமா? பள்ளியில் ஹெல்த் கார்டில் 'அலர்ஜன்கள்' என்ற கட்டத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், என்ன எழுதுவது? எனக்கும் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது. இதே ரத்தப் பரிசோதனையை நானும் எடுக்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினொன்றில் உங்கள் மகனின் தும்மலுக்கும் இருமலுக்கும் காரணமாக எனக்குப் படுவது வீட்டுத் தூசிப் பூச்சி. கரப்பான்பூச்சிக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம். சாப்பாட்டுச் சாமான்கள் ஒன்பதையும் இப்படி நிறுத்தி வைக்க அந்தத் தாளில் போதிய ஆதாரம் இல்லை. அதற்காக நாளைக்கே எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிடாதீர்கள். 4 மாதம் நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன்.

அலர்ஜனைத் தமிழில் ஒவ்வாமைத் தூண்டி என்றும் ஒவ்வாமை ஊக்கி என்றும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு புரதம். பொதுவாக யாருக்கும் கெடுதல் செய்யாத பொருள். ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும் அதன் மேல் பாய்ந்தால், அந்த ஒருவருக்கு அது அலர்ஜன். பாலும் இறாலும் பூவின் மகரந்தமும் தம்மளவில் அலர்ஜன்கள் அல்ல. யாருக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் முழுமையாகும்.

1921-ல், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லா நகரத்தில் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துக் காட்டினார்கள். க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. க்யூஸ்ட்னரின் ரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த சீரத்தைக் கொஞ்சமாக பிராஸ்னிட்ஸின் தோலுக்குள் ஊசியால் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. மீன் அதே மீன்தான். மீன் ஒத்துப்போகிற அவர் உடம்பில் அந்த ஒரு துளி இடத்தை மட்டும் மீனுக்கு எதிரியாக மாற்றியது, இன்னொருவரின் ரத்தத்தில் இருந்து வந்த ஏதோ ஒன்று. அது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் என்று தெரியவர இன்னும் 45 வருடங்கள் ஆயின. 1966-ல் அமெரிக்காவில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதி அதைக் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் சுவீடனில் யொஹான்சன், பென்னிஷ் இருவரும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்த ஐஜிஇயைத்தான் உங்கள் மகனின் ரத்தத்தில் அளந்திருக்கிறார்கள். உடம்பு ஒரு புரதத்தை முதலில் சந்திக்கும்போது வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே அந்தப் புரதத்துக்கென்றே அளவெடுத்தாற்போல ஐஜிஇ தயாராகி, தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் ஆகிய இடங்களில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே புரதம் வந்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஜிஇக்களை ஒரே நேரத்தில் பிடித்து இணைத்தால் செல் உடனே ஹிஸ்டமின் முதலான பொருட்களைக் கொட்டும். தும்மல், மூக்கில் நீர், தடிப்பு, இளைப்பு எல்லாம் அதன் பிறகு வருபவை. அதனால்தான் உண்மையான உணவு ஒவ்வாமை சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் 2 மணி நேரத்துக்குள், தன்னைக் காட்டிவிடும். மறுபடி சாப்பிட்டால் மறுபடியும் காட்டும்.

ஐஜிஇ தயாராகி இருப்பது ஒன்று, ஒவ்வாமை நோய் இருப்பது வேறொன்று. நிறையப் பேர் ரத்தத்தில் பல உணவுகளுக்கு ஐஜிஇ இருக்கும். அந்த உணவுகளைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு நலமாகவும் இருப்பார்கள். உங்கள் பையனும் அப்படித்தான் இருந்திருக்கிறான். ரிப்போர்ட் 'பாசிட்டிவ்' என்று சொல்வது முதல் படியை மட்டும். இரண்டாம் படியைச் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை சாப்பிட்ட பிறகு நடந்தது என்ன என்ற வரலாறு. அந்த வரலாறு லேபில் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

இப்போது ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் இருக்கிறது. 0.35-க்கு மேல் போனாலே 'பாசிட்டிவ்' என்று அச்சடித்துவிடுவது வழக்கம். பாலுக்கு 0.48, முட்டை வெள்ளைக்கு 0.42, கோதுமைக்கு 0.61, நிலக்கடலைக்கு 0.39, கத்தரிக்காய்க்கு 0.55, தக்காளிக்கும் வாழைப்பழத்துக்கும் 0.4-ஐ ஒட்டி. எல்லாம் கோட்டை மிதித்தும் மிதிக்காமலும் நிற்கிற எண்கள். ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் முதல் படி. செடிகொடிகளின் புரதங்களில் பொதுவாகக் காணப்படும் சில சர்க்கரைச் சங்கிலிகளுக்கு ஐஜிஇ இருந்தாலும் இப்படிக் கோதுமை, தக்காளி, கத்தரி என்று வரிசையாகப் பாசிட்டிவ் வரும். அவை பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் செய்வதில்லை. அடுத்துத் தூசிப் பூச்சியின் எண்ணைப் பாருங்கள்: 62. ஐந்தாம் படி. எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமையாக வரும் என்று அர்த்தமில்லை. அந்தப் பொருள்தான் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது உங்கள் மகனின் கதையோடும் ஒட்டிப்போகிறது. தொல்லை எல்லாம் ராத்திரியிலும், படுக்கையை விட்டு எழும் நேரத்திலும்தானே வருகிறது.

இறாலுக்கு 6.8, நண்டுக்கு 5.1. இவை சின்ன எண்கள் இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இறால், நண்டு, கரப்பான்பூச்சி, தூசிப் பூச்சி நான்கும் பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் நான்குமே கணுக்காலிகள் என்ற ஒரே பெரிய குடும்பம். இவற்றின் தசையில் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், வேகவைத்தாலும் அழியாது. தூசிப் பூச்சியின் ட்ரோபோமயோசினுக்கு எதிராக உருவான ஐஜிஇ, இறாலின் புரதத்தையும் அடையாளம் தெரிந்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் அது இறால் பாசிட்டிவ் என்று வரும். இறால் சாப்பிட்டு ஒருமுறைகூட வாய் அரிப்போ, தடிப்போ, வாந்தியோ வராத பிள்ளைக்கு, தூசிப் பூச்சிக்கு 62 என்ற எண் இருக்கும்போது, இறாலின் 6.8-ஐ நான் இந்த வழியாகத்தான் புரிந்துகொள்வேன். இருந்தாலும் இறால் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய உணவு. 4 மாத இடைவெளிக்குப் பின் மருத்துவர் எதிரிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும். நண்டுக்கும் இதே பேச்சுதான்.

மேலே 'மொத்த ஐஜிஇ 910' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதே, அதைக் கண்டு கலங்க வேண்டாம். குடலில் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு இருந்தாலே இந்த எண் ஏறும். கரப்பான் என்று நம் ஊரில் சொல்லும் எக்ஸிமா இருந்தாலும் ஏறும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை அவன் ஒழுங்காக விழுங்கினானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரை மீன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே குழம்பு, அப்பா, பிள்ளை இருவருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து தடித்தது, மீனுக்கு ஐஜிஇ இல்லை. இது ஒவ்வாமை இல்லை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. பிடித்த மீனை ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடக்கவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாஸ்ட் செல் கொட்ட வேண்டிய பொருளை மீனே நேராகக் கொண்டுவந்து வயிற்றில் சேர்த்துவிடுகிறது. சமைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீனில் நாற்றமும் இல்லாமல் இருக்கலாம். சில சமயம் நாக்கில் மிளகுபோலச் சுரீரென்று தெரியும். ஒரே பானையில் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் அந்த மீனைச் சந்தேகியுங்கள். பத்துப் பேர் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வந்தால் அப்போது அலர்ஜனைத் தேடலாம். தூத்துக்குடியில் இருந்துகொண்டு பிள்ளைக்கு மீனை நிறுத்த வேண்டாம். ஐஸில் கிடந்த நல்ல மீனாகப் பார்த்து வாங்கினால் போதும்.

ஊதுபத்திப் புகை ஏன் பட்டியலில் இல்லை? புகையில் ஐஜிஇ பிடிக்கும்படியான புரதம் இல்லை. அது மூச்சுக்குழாயை நேராக உறுத்துகிறது. வீட்டில் காய்ந்த மிளகாய் கருகினால் அடுப்படியில் இருப்பவர் முதல் திண்ணையில் இருப்பவர் வரை எல்லோரும் இருமுகிறோம், அதற்கு யாருக்கும் டெஸ்ட் எடுப்பதில்லை. ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், சென்ட், பெயின்ட் வாடை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் இந்த வகை. இவை உறுத்திகள். ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கிச் சிவந்திருக்கும் மூச்சுக்குழாய் கொஞ்சம் புகைக்கே சுருங்கிவிடும் என்பதால் உங்கள் மகனுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிகிறது. குளிர்ந்த காற்று, ஓட்டம், விழுந்து விழுந்து சிரிப்பது, சளிக் காய்ச்சல் ஆகியவையும் இளைப்பைக் கிளப்பும். எதுவும் அலர்ஜன் இல்லை, எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. புகையை வீட்டைவிட்டு விலக்குங்கள். ஓட்டத்தையும் சிரிப்பையும் விலக்க வேண்டியதில்லை. அவற்றைத் தாங்கும்படி மூச்சுக்குழாயைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது.

மாமியார் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். கரப்பான் பண்டம் என்று சொல்லப்படுபவற்றில் இறால், நண்டு, நிலக்கடலை இருக்கின்றன. உலகெங்கும் உணவு ஒவ்வாமையில் முன்னணியில் நிற்பவை அவை. கருவாட்டில் ஹிஸ்டமின் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. கத்தரிக்காய் சிலருக்கு வாயையும் நாக்கையும் அரிக்கச் செய்யும். கண்ணால் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. ஆனால் பத்தியம் என்பது மருந்து சாப்பிடும் நாட்களுக்கு வைத்த கட்டுப்பாடு. வளரும் பிள்ளைக்கு மாதக்கணக்கில், காரணம் உறுதியாகாமல், வைப்பதற்கு அல்ல. கம்பும் பாகற்காயும் சாப்பிட்டு இவனுக்கு எதுவும் நடந்ததில்லை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வீட்டுத் தூசிப் பூச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் வேலை இருப்பது இங்கேதான். பெயரில் பூச்சி இருந்தாலும் அது சிலந்தியின் உறவு, எட்டுக் கால். நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் உடம்பில் இருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. கடலோர ஊரின் ஈரக்காற்றும், வருடக்கணக்கில் பிரிக்காத இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் அதற்கு வாய்த்த இடம். வீட்டுத் தூசிக்குத் தும்முகிறவர்கள் உண்மையில் இந்தப் பூச்சிக்குத்தான் தும்முகிறார்கள் என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லெய்டனில் ஃபோர்ஹார்ஸ்ட் குழுவினர் காட்டினார்கள்.

பூச்சியைவிட அதன் கழிவு உருண்டைகள்தான் மோசம். அவற்றில் இருக்கும் முதன்மையான அலர்ஜனுக்கு டெர் பி 1 என்று பெயர். உயிரினத்தின் அறிவியல் பெயரில் இருந்து முதல் மூன்று எழுத்து, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து, கண்டறிந்த வரிசை எண் என்று சேர்த்து உலகம் முழுக்க இப்படித்தான் அலர்ஜன்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். உங்கள் மருத்துவர் அடுத்து விரிவான டெஸ்ட் ஏதாவது எழுதிக்கொடுத்தால் இந்த மாதிரிப் பெயர்கள் வரும், மிரள வேண்டாம். டெர் பி 1 ஒரு செரிமான நொதி. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரதங்களையே வெட்டிவிட்டு உள்ளே நுழையும். இவ்வளவு பேருக்கு இது ஒவ்வாமை உண்டாக்குவதற்கு அந்த வெட்டும் குணமும் ஒரு காரணம். உருண்டைகள் கனமானவை என்பதால் காற்றில் அதிக நேரம் மிதக்காது. படுக்கையை உதறும்போது எழும்பி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். விலை கொடுத்துக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதைவிட மெத்தையில் கவனம் வைப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

மகனை மெத்தையில் இருந்து கோரைப்பாய்க்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஈரத்துணியால் துடைத்துக் காய வைத்துவிடலாம். மெத்தைதான் என்றால் மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை போடுங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் அலர்ஜன் ஓரளவு போகும், பூச்சி சாகாது. உச்சி வெயிலில் மெத்தையைப் போட்டால் பூச்சி காய்ந்து சாகும். ஆனால் டெர் பி 1 அப்படியே இருக்கும், அதனால் காயப்போட்டபின் நன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். தட்டும்போதும் வீட்டைப் பெருக்கும்போதும் பையன் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. உலர் துடைப்பத்தைவிட ஈர மாப் நல்லது. ஃபேன் இறக்கையைத் துடையுங்கள், ஏசி இருந்தால் அதன் ஃபில்டரைக் கழுவுங்கள். துணிப் பொம்மைகள் படுக்கையில் வேண்டாம். சமையலறையில் ராத்திரி எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காமல் இருந்தாலே கரப்பான்பூச்சி பாதி குறையும். இவற்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள். உறை மட்டும் போட்ட வீடுகளில் பெரிய மாற்றம் வருவதில்லை. எல்லாம் சேர்ந்து, கூடவே மருந்தும் சேர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மருந்து என்று வரும்போது, ராத்திரி வறட்டு இருமலை நான் லேசாக விட மாட்டேன். அது ஆஸ்துமாவாக இருக்கலாம். 9 வயதுப் பிள்ளையால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்ய முடியும். குழந்தைகள் நல மருத்துவர் அல்லது நுரையீரல் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும், தேவைப்பட்டால் இன்ஹேலரும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு என்ற பேச்சுக்குப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நேராகப் போய்ச் சேரும் சிறிய அளவு அது. இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால், அலர்ஜனையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. தூசிப் பூச்சியின் சாற்றை மிகமிகச் சிறிய அளவில் தொடங்கி, ஊசியாகவோ நாக்குக்கு அடியிலோ, 3 முதல் 5 வருடம் வரை கொடுத்து உடம்பைப் பழக்குவார்கள். 1911-ல் லண்டனில் லியோனார்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு தொடங்கிவைத்த வழி. பயிற்சி பெற்ற ஒவ்வாமை மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ள வேண்டியது. தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையை அவர் செய்யச் சொன்னால், அதற்கு ஒரு வாரம் முன்பே சளி, அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் உண்மையான அலர்ஜன்கூட நெகட்டிவ் என்று காட்டும். இன்ஹேலரை இதற்காக நிறுத்தக் கூடாது.

இருமல் கட்டுக்குள் வந்த பிறகு உணவுகளைத் திரும்பக் கொண்டுவருவோம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுக்கும்போது, சில பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தோலில் எக்ஸிமா உள்ளவர்களுக்கு, முன்பு இல்லாத எதிர்வினை வருவதுண்டு. குடல் தொடர்ந்து சந்தித்துக்கொண்டிருந்தவரை இருந்த இணக்கம் இடைவெளியில் தளர்ந்துவிடும். தேவையில்லாமல் உணவை நிறுத்துவதில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறையே இதுதான்; எடை குறைவது அதற்கு அடுத்தது. எனவே பால், முட்டை, நிலக்கடலை, இறால், நண்டு ஐந்தையும் மருத்துவமனையில் வைத்து, ஒரு நாளைக்கு ஒன்று, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, 2 மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வாழைப்பழம், தக்காளி, கத்தரிக்காய், கோதுமை நான்கையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்; முதல் நாள் ஒரு வாய், மூன்று நாள் கழித்து அடுத்தது. உடம்பு முழுக்கத் தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், தொடர் வாந்தி, மயக்கம் எது சேர்ந்து வந்தாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அட்ரினலின் ஊசி போடும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எந்த அம்மாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

200 உணவு டெஸ்ட் வேண்டவே வேண்டாம். அதில் பார்ப்பது ஐஜிஇ இல்லை, ஐஜிஜி என்ற வேறு புரதம். நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுகளுக்கெல்லாம் ஐஜிஜி ஏறியிருப்பது இயல்பு. உடம்பு அந்த உணவுக்குப் பழகிவிட்டதைத்தான் அது காட்டுகிறது. ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. அந்தத் தாள் வீட்டுக்கு வந்தால் இட்லியும் இருக்காது, பருப்பும் இருக்காது.

உங்கள் காதுக்கு ஐஜிஇ ரத்தப் பரிசோதனை உதவாது. கவரிங் நகையில் இருக்கும் நிக்கல்தான் பெரும்பாலும் காரணம். உலோகத் துகள் வியர்வையில் கரைந்து, தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படுகிறது. அங்கே வேலை செய்வது ஐஜிஇ இல்லை, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். அதனால் தோடு போட்ட உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் புண்ணும் வரும். தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருளும், சாலையோரம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடியும் இதே வழியில்தான் தோலைப் புண்ணாக்குகின்றன. தோல் மருத்துவரிடம் போனால் முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார். அதுவரை கவரிங்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பள்ளி ஹெல்த் கார்டில் 11 பெயரையும் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதினால் பிறந்தநாள் கேக்கும் சுற்றுலாச் சாப்பாடும் அவனுக்கு மட்டும் மறுக்கப்படும். அதோடு, உண்மையிலேயே நிலக்கடலை ஆகாத ஒரு பிள்ளை அதே வகுப்பில் இருந்தால், அவனுடைய கார்டையும் ஆசிரியர் லேசாக எடுத்துக்கொள்ள இடமாகிவிடும். இப்போதைக்கு இப்படி எழுதலாம்: "அலர்ஜன்: வீட்டுத் தூசிப் பூச்சி, கரப்பான்பூச்சி. உணவு: ரத்தப் பரிசோதனையில் சில பாசிட்டிவ், சாப்பிட்டுத் தொல்லை வந்ததில்லை, மருத்துவர் பார்வையில் சரிபார்க்கப்படுகிறது, அதுவரை பால், முட்டை, நிலக்கடலை, இறால், நண்டு பள்ளியில் கொடுக்க வேண்டாம். புகை, சாக்பீஸ் தூள் பட்டால் இருமல் வரும். கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம்." இன்ஹேலர் எழுதிக்கொடுக்கப்பட்டால் அதன் பெயரையும், எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதையும், உங்கள் தொலைபேசி எண்ணையும் கீழே சேர்த்துவிடுங்கள். உணவுகள் ஐந்தும் ஒவ்வொன்றாகத் தேறி வரும்போது கார்டில் இருந்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.